ஏழு பாட்டில் தண்ணீர்

தேவநேசன் அங்கிளின் கம்பெனி அடுக்குமாடிகளுக்கும் விடுதிகளுக்கும் தண்ணீர்த் தொட்டி கழுவிக் கொடுக்கும். கழுவிய பின் தண்ணீரைச் சோதித்து அறிக்கையில் கையெழுத்திடுவது என் வேலை. 2001 ஜூலையில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கழுவும் வேலையை அங்கிள் கலியனுக்குச் சப்-கான்ட்ராக்ட் விட்டிருந்தார். கலியன் காலையில் ஸ்கூட்டரில் கிளம்புவார். மாலையில் தொட்டிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவருவார்.

வழக்கமாகக் குளோரின் மட்டும் பார்ப்பேன். அந்த வாரம் ரஞ்சன்காவ் பெண்கள் விடுதியில் நான்கு பேருக்கு மஞ்சள் காமாலை. வார்டன் முழு அறிக்கை கேட்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அன்று வந்த ஏழு பாட்டில்களுக்கும் கடினத்தன்மை பார்த்தேன்.

ஏழிலும் ஐம்பத்திரண்டு.

நகருக்குள் இருக்கும் வானவடிக்கு அது சரி, அங்கே கார்ப்பரேஷன் தண்ணீர். நகரைத் தாண்டி இருக்கும் ரஞ்சன்காவில் போர்வெல் தண்ணீர். சோப்பு நுரைக்காது. குறைந்தது நானூறு வர வேண்டும். கரைசலைப் புதிதாகத் தயாரித்து மறுபடி செய்தேன். ஐம்பத்திரண்டு. தொட்டியைக் கழுவினால் அழுக்குப் போகும், கடினத்தன்மை போகாது. ஏழும் ஒரே குழாயில் பிடித்தவை.

காலிப் பாட்டில்களை எடுக்க வந்த கலியனிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ரூட் ஷீட்டை எடுத்து என் முன் விரித்தார். அங்கிளின் கையெழுத்தில் ஒரே நாளுக்கு ஏழு இடம். வானவடியில் நாலு, கராடியில் இரண்டு, கடைசியில் ரஞ்சன்காவ்.

“ஒரு தொட்டி காலியாகவே ரெண்டு மணி நேரம் மேடம். படிச்சவங்க, நீங்களே கூட்டிப் பாருங்க.”

விடுதிக்குக் கடைசியாக எப்போது போனார் என்று கேட்டேன்.

“தீபாவளிக்கு முன்னாடி. தொட்டி கழுவினதுக்கான கார்டுல அங்க வாட்ச்மேன் எல்லா மாசத்துக்கும் மொத்தமா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான்.”

நான் சேர்ந்தது தீபாவளிக்குப் பிறகு. அந்த விடுதிக்கு மாதம் ஒன்றாக எட்டு அறிக்கை கொடுத்திருந்தேன்.

அங்கிள் சர்ச்சில் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருபவர். அவர் எதிரில் நான் அதிகம் பேசியதில்லை. ஷீட்டை அவர் மேஜையில் வைத்து, கலியன் விடுதிக்குப் போகவே இல்லை என்று சொன்னேன். மற்ற கம்பெனிகளில் ஒரே ஆள் பத்து இடம் பார்க்கிறான் என்றார்.

“அரே, அவன் போனானா இல்லையாங்கறது அவன் தலைவலி. சப்-கான்ட்ராக்ட் அதுக்குத்தானே விடுறது?”

“ரிப்போர்ட்ல அவர் பேர் இல்ல அங்கிள். என் பேர்தான் இருக்கு.”

“அதுக்குத்தான் பி.எஸ்ஸி. படிச்ச பொண்ண வச்சிருக்கேன். போய் சைன் போடும்மா.”

நான் அவருடைய போனை எடுத்து விடுதி எண்ணைச் சுழற்றினேன். பாதியில் விரலால் அழுத்தித் துண்டித்தார். சிரித்துக்கொண்டேதான் செய்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரிசீவரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

வார்டனுக்கு மராத்திதான் வரும். எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். தொட்டித் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம். ஒன்பது மாதமாக யாரும் கழுவவில்லை. இப்போது வந்த பாட்டிலும் உங்கள் தண்ணீர் இல்லை.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். போன மாத அறிக்கையில் ‘குடிக்க உகந்தது’ என்று இருக்கிறதே, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார்.

“மாஜீச்,” என்றேன். என்னுடையதுதான்.

அவர் திட்டத் தொடங்கினார். பாதி எனக்குப் புரியவில்லை. முடிக்கும்வரை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.