மூச்சு மேடம் கப்பலேறுகிறார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஸ்கேன் இயந்திரத்துக்குள் மல்லாந்து படுத்திருந்தபோது. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஒட்டுக்கேட்டேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்மணி ஒலிபெருக்கியில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். பிடித்தேன். அடுத்து "விடலாம்" வர வேண்டும். வரவில்லை. மைக்கை அணைக்க மறந்த அந்த அறைக்குள் நர்ஸ் நுழைந்து பேசுவதுதான் கேட்டது.

"மேடம், கப்பல்ல தனியாவா போறீங்க? வீட்டுக்காரர் வரலையா?"

"நான்தான் வர வேணாம்னேன்."

"போரடிக்காதா?"

"நடுவுல ரெண்டு நாள் கப்பல் எங்கயுமே நிக்காதாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணிதானாம்." சொல்லிவிட்டு அவர் அப்படியே பேச்சற்றுப் போனார். எனக்குக் கண் பிதுங்கிய நேரத்தில், "ஐயோ சார், விடலாம், விடலாம்" என்றார்.

விட்டேன். மூச்சை மட்டும். அவர் குரல் எதைக் கண்டு அப்படி நின்றுபோனது என்பதை இன்றுவரை விட முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: கணவனை இழந்த துயரை மறக்க அவர் கடலைத் தேடி

(நிறுத்திவிட்டேன். கணவர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். ஒரு பெண் தனியாகப் போகிறார் என்றதுமே என் பேனா ஓர் ஆளைக் கொல்லப் பார்த்திருக்கிறது.)

இரண்டாவது: மேல்தளத்தில் தனியே நின்றிருந்த அவரருகே, காதோரம் நரைத்த ஒருவர் வந்து

(போதும். வெட்கமாக இருக்கிறது.)

மூன்றாவதில் வழிதவறிய குழந்தையொன்று ஓடிவந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. நல்ல குழந்தைதான். கோடு கிழித்து அடித்துவிட்டேன். எப்படி ஆரம்பித்தாலும் யாரையாவது அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாமல் எனக்குக் கை ஓடவில்லை.

3

அவரை ஆஸ்பத்திரியில் மூச்சு மேடம் என்பார்கள். கதிர்வீச்சு வெளியேறக் கூடாது என்று ஜன்னலே வைக்காமல் கட்டிய இடம் அது. பார்வை கைநீளத்தில் திரையில் முட்டி நின்றுவிடும். நாள் முழுக்க அடுத்தவர் மூச்சைப் பிடிக்கச் சொல்லி, விடச் சொல்லி, விட்டார்களா என்று பார்ப்பதுதான் வேலை. வீட்டில் கணவர் கணக்கு டியூஷன் எடுக்கிறார். கூடம் நிறையப் பிள்ளைகள், உள்ளறையில் மாமியார். தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் குளியலறை. அந்தக் கதவையும் யாராவது தட்டுவார்கள்.

(இந்தப் பத்தியில் ஆஸ்பத்திரி நிஜம், வீடு என் சரக்கு. இனி வருவதெல்லாமும் அப்படித்தான்.)

ட்ராவல்ஸ் அலுவலகத்தில் அந்த ஆள் கப்பலின் படத்தை விரித்து, நீச்சல்குளம், நடன அரங்கம் என்று விரல் வைத்துக்கொண்டே போனார். மூச்சு மேடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பால்கனியிலேருந்து எவ்வளவு தூரம் தெரியும்?" என்றார்.

"அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே மேடம்." பிறகு அந்த ஆள் தன் சந்தேகத்தைக் கேட்டார். "ரூமெல்லாம் ரெண்டு பேருக்குன்னு கட்டினது. கூட வர்றவங்க பேரு?"

"யாருமில்ல."

"அப்புறமா சேர்த்துக்கலாமா?"

"வேணாம்."

(ஓர் அடிக்குறிப்பு. நான் தேடிப் பார்த்தேன். பத்து மாடி உயரத்தில் நின்றால் தொடுவானம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் இருக்குமாம். இடப்பக்கம் இருபது, வலப்பக்கம் இருபது, நடுவில் மறைக்க ஒரு சுவர் கிடையாது. கைநீளப் பார்வையோடு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவருக்கு இது. எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. இது தெரியாமலேதான் அவர் அன்று பேச்சிழந்திருக்கிறார்.)

4

இப்போது கஷ்டமான இடம். கணவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் தங்கமானவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"என்கூட வர்றது பிடிக்கலையா?"

இதற்கு வரும் பதில் கணவர் மனதை உடைக்காமல் இருக்குமா என்பதில்தான் பயணம் மொத்தமும் தொங்கியது. அவர் முகம் வாடினால் மேடம் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். எனக்குத் தெரியும்.

"பிடிக்கும். அதனாலதான்" என்றார் மூச்சு மேடம். "நீங்க வந்தா நான் உங்களையேதான் பார்த்துக்கிட்டிருப்பேன். சாப்பிட்டாரா, தலை சுத்துதா, காத்துல நிக்கிறாரேன்னு. கடலை எப்பங்க பார்ப்பேன்?"

கணவர் ஒரு சட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"பால்கனியில எத்தனை நாற்காலி போடுவாங்க?"

"ரெண்டு இருக்கும்."

"போனதும் ஒண்ணை எடுத்துடச் சொல்லிடு. இல்லைன்னா அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்ப."

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இப்படி ஒரு பேச்சைப் பேச எனக்கு மனசு வந்திருக்காது.

5

முடிவுகள் கைவசம் நிறைய உண்டு. கணவர் கடைசி நிமிஷத்தில் பெட்டியோடு வந்து நிற்கலாம், உங்களில் பலருக்குப் பிடிக்கும். புயல் அடிக்கலாம். அவர் திரும்பி வராமலே போகலாம்.

ஆனால் கப்பல் கிளம்பிவிட்டது. கரை மறைந்துவிட்டது. அவர் அறைக்குள் இருக்கிறார். அடுத்த வரியைத் தொடங்கினேன்: அவர் பால்கனிக் கதவைத் திறந்தார். கண்முன்னே

அதை எழுத நான் அங்கே நின்றாக வேண்டும். நான் நின்றால் என் தோளுக்கு மேல் நீங்களும் எட்டிப் பார்ப்பீர்கள். பால்கனியில் கூட்டம் கூடிவிடும்.

அவர் கண்டது எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அது அவருடையது. நான் கரையிலேயே நின்றுகொள்கிறேன். நீங்களும் தயவுசெய்து இங்கிருந்தே வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.