வெள்ளைத் துணிக்குள்

பிள்ளைக்கு பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டியிருந்தது. கலைவாணியின் மாமியார் தெரேஸ் அம்மாள்தான் ஆட்டோ பிடித்து நேரு வீதி ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்தாள். அத்ரியானுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. படத்தை பிரெஞ்சு கான்சுலேட்டில் கொடுத்தால் பாஸ்போர்ட் வரும். பாஸ்போர்ட் வந்தால் பிரான்சு பட்டாளத்தில் இருக்கும் கணவன் சில்வேனிடம் தாயும் பிள்ளையும் போய்ச் சேரலாம். சில்வேன் மாதத்தில் பாதி நாள் முகாமில் கிடப்பான். அந்த நாளெல்லாம் வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும்தான்.

அதை நினைத்தால் கலைவாணிக்குப் பயம் வரும். வேறு எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. பிள்ளை அழுதால் அடுத்த வீட்டில் யாரோ அழுவதுபோல் இருந்தது. எடுப்பாள், பால் கொடுப்பாள், துடைத்துவிடுவாள். போன வாரம் மொட்டை மாடியில், தோளில் பிள்ளையோடு கைப்பிடிச் சுவர் ஓரம் போய் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குப் பிறகு மாடி ஏறவில்லை.

அரியாங்குப்பத்திலிருந்து அவள் அம்மா செல்வாம்பாள் வந்தபோது சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு என்னமோ மாதிரி இருக்குதும்மா. இவன் மேல ஒண்ணுமே தோணல."

"அடி, வாய மூடு! பால் குடுக்கிறவ பேசற பேச்சா இது? பால் கெட்டுப்போயிடும்டி. பிரான்சு மாப்ள, ஆம்பளப் புள்ள. ஊர்க் கண்ணெல்லாம் உம்மேலதான்."

செல்வாம்பாள் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஸ்டுடியோக்காரன் இராமதாஸ் கைதேர்ந்தவன். "பாப்பா மட்டும்தாம்மா தெரியணும். பின்னால வெள்ளையா இருக்கணும். போன மாசம் ஒரு அம்மாவோட வளையல் தெரிஞ்சிபோச்சின்னு படத்தத் திருப்பி அனுப்பிட்டாங்க."

அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். தாயை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலையோடு வெள்ளை வேட்டியைப் போர்த்திவிடுவான். மடியில் பிள்ளை. உள்ளிருந்தே அதன் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

"எம் மருமவ பொறுமசாலிப்பா," என்றாள் தெரேஸ். "மூணு மாசமா ஒரு முணுமுணுப்பு கெடையாது. எந்தம்பி மருமவ கரீன் இருக்காளே, புள்ளயப் பெத்துட்டு வீட்டையே ரெண்டாக்கிட்டா. இவ தங்கம்."

"குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

போர்த்திய துணிக்குள் கலைவாணிக்குக் கஞ்சி வாசனை அடித்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. பிரசவத்துக்குப் பிறகு இப்போதுதான் முகத்தை இப்படி வை, அப்படி வை என்கிற வேலை இல்லாமல் இருந்தது.

"அத்தை."

"ஆடாத. படம் போயிடும்."

"நான் பிரான்சுக்குப் போவல அத்தை."

தெரேஸ் சிரித்தாள். "ஏரோப்ளேன் பயமா? நான்லாம் கப்பல்ல போனவடி. கர தெரியிற வரைக்கும் வாந்தி."

"அது இல்ல. இவன்கூடத் தனியா இருக்கப் பயமா இருக்கு. இவன எதுனா பண்ணிடுவேனோன்னு இருக்கு."

ரேஷன் கடையில் பேர் சொல்வதுபோல்தான் சொன்னாள். இராமதாஸ் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான்.

"நீ போயி டீ குடிச்சிட்டு வாப்பா," என்றாள் தெரேஸ்.

அவன் போனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். கலைவாணியின் மடி லேசானது. அழுகை வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. துணியை விலக்கத் தோன்றவில்லை. தெரேஸும் விலக்கவில்லை.

"எத்தினி நாளா?"

"பொறந்ததுலேர்ந்து."

"சில்வேன்கிட்ட சொன்னியா?"

"அவரு போன் பண்ணா நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்க."

"உன்னத் தங்கம் தங்கம்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனேடி..." திட்டத்தான் தொடங்கினாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

படத்துக்கு நிற்கவில்லை. வாசலில் ஆட்டோக்காரன், "வூட்டுக்குத்தான, ரெட்டியார்பாளையம்?" என்றான்.

"இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ."

"பாப்பாவுக்கு என்னம்மா?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. இவளுக்குத்தான்," என்று சொல்லி, தெரேஸ் பிள்ளையோடு உள்ளே நகர்ந்து கலைவாணிக்கு இடம் விட்டாள்.