தீவு நீலத்தில் ஓர் அறை

மீன் வலையா? என் தலைக்கு மேலே மீன் வலையா? நான் என்ன கரை ஒதுங்கின வாளை மீனா?

இதையெல்லாம் அவள் மனதுக்குள்தான் கேட்டாள். வாய், "நல்லாத்தான் இருக்கு" என்றது.

ஸ்டூலின் மேல் நின்று வலையின் நுனியை ஆணியில் கட்டிக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "அப்படி இழுத்துச் சொன்னா என்ன அர்த்தம் அண்ணி? முடிஞ்சதும் பாருங்க, அசந்துடுவீங்க."

இப்போதே அசந்துதான் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் கீழே விழுந்த ஆணிகளைப் பொறுக்கினாள்.

அவள் கேட்டது இவ்வளவுதான். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அவள் உட்காரும் சின்ன அறையில் ஈரம் ஊறிப் பொரிந்துபோன சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்துத் தரவேண்டும். கணவனிடம் கேட்டாள். அவன் தன் தங்கையிடம் சொன்னான். தங்கையோ, பழைய சாமான்களை வைத்தே அறையை மாற்றிக் காட்டும் வீடியோக்களில் மூழ்கி, அதையே தொழிலாக்கிக்கொள்வது என்று முடிவு செய்து, முதல் அறைக்காக அலைந்துகொண்டிருந்தவள். "ஊரெல்லாம் சுத்திட்டு வந்தவங்க ரூம் மாதிரி பண்ணிடலாம்" என்றாள். அந்த வீட்டில் யாரும் ஊர் சுற்றியதில்லை என்பது தங்கைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பயணத்தைப் பற்றி அங்கே கொஞ்சமாவது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பயண நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை. அந்த அறைக்குள் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்கப் பேசுவாள். பெட்டி ஓர் ஊருக்கும் தாங்கள் வேறோர் ஊருக்கும் போய்ச் சேர்ந்தவர்கள், கடல் தெரியும் என்று நம்பி எடுத்த அறையில் பக்கத்துக் கட்டடத்துக் குளியலறை ஜன்னல் தெரிந்தவர்கள், எல்லாரும் அவளைத்தான் திட்டினார்கள். பயணம் என்றாலே அவளுக்கு யாரோ மூச்சிரைக்கக் கத்துவதுதான் நினைவுக்கு வரும். இனி அது சுவரிலும் தொங்கப் போகிறது.

மிச்சமிருந்த பெயின்ட் டப்பாக்களை எல்லாம் ஒன்றாகக் கலக்கி நாத்தனார் ஒரு நிறம் கொண்டுவந்திருந்தாள்.

"தீவு நீலம்."

கணவன் எட்டிப் பார்த்தான். "பாத்ரூம் பக்கெட் கலர்ல இருக்கு."

"நீ தீவப் பாத்திருக்கியா அண்ணா?"

"இல்ல. பக்கெட்டப் பாத்திருக்கேன்."

அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். வீட்டிலிருந்த ஒரே சூட்கேஸ், அவள் கல்யாணத்துக்கு வாங்கியது, இரண்டாகப் பிளந்து சுவரில் அலமாரியாக ஏறியிருந்தது. இனி எங்கேயாவது போகவேண்டுமென்றால் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டுதான் போகவேண்டும். அதையும் அவள் சொல்லவில்லை. இந்தப் பெண் பாவம், கை முழுக்கப் பெயின்ட்டோடு காலையிலிருந்து சாப்பிடாமல் நிற்கிறாள். போட்டோ நன்றாக வந்தால்தான் நாலு பேர் கூப்பிடுவார்கள். வலை இருந்துவிட்டுப் போகட்டும். நீலமும் இருக்கட்டும்.

டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது அறைக்குக் கதவு இல்லை.

நிலையில் கீல்கள் மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. கதவு கூடத்தில் இரண்டு ஸ்டூல்களின் மேல் மல்லாந்து கிடந்தது. நடுவில் பென்சில் கோடு. கணவன் கையில் ரம்பம்.

"இதுல பாதி மேஜை, பாதி பெஞ்சு" என்றாள் நாத்தனார். "புதுசா பலகை வாங்க வேண்டியதே இல்ல. வாசலுக்குத் திரை. கப்பல் ரூம் மாதிரி அப்படியே இருக்கும் அண்ணி!"

டம்ளர்களைத் தரையில் வைத்தாள். "கதவு வேணுமே. நான் பேசறப்ப குக்கர் சத்தம் கேட்டா ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"அத யோசிக்காம இருப்பேனா? பழைய மெத்தையப் பிரிச்சு உள்ள வெச்சுத் தெச்சிருக்கேன். வாங்க."

கனத்த அந்தத் திரையைக் கணவன் வாசலில் தூக்கிப் பிடித்தான். அவளை உள்ளே உட்காரவைத்து, நாத்தனார் கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்தாள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஏதாவது கேட்டுவிடாதா என்று கேட்டாள். போர்வைக்கு அடியில் யாரோ முனகுவதுபோல ஒன்று. அதற்கெல்லாம் எந்த ஆபீஸும் கேள்வி கேட்காது.

பிரச்சினை தீர்ந்தது. அவள் கண் வாசலில் தாழ்ப்பாளைத் தேடியது.

சத்தம் ஒரு சாக்கு என்பது அவளுக்கே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகு அவள் உடனே வெளியே வருவதில்லை. தாழ்ப்பாளைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று வீடு நினைக்கும், கூப்பிடாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் அழுததில்லை, பாடியதில்லை, ஒன்றுமே செய்ததில்லை. பொரிந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முகத்தை யாருக்காகவும் எப்படியும் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத நேரம் அது ஒன்றுதான். இதைக் கணவனிடம் சொன்னதில்லை. சொன்னால், எங்க மேல என்ன கோபம் என்பான். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் சொல்வது சுலபம்.

திரைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. யாரும் அதைத் தட்டிவிட்டு வரமாட்டார்கள். 'அண்ணி, ஒரு நிமிஷம்' என்று தலை மட்டும் உள்ளே வரும்.

"இப்ப சரிதானே?" என்று தலை மட்டும் உள்ளே வந்தது.

அவள் எழுந்து அந்தத் தலையைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கதவின் மேல், பென்சில் கோட்டின் மேலேயே, ஏறி உட்கார்ந்தாள். ஸ்டூல்கள் ஒருமுறை ஆடி நின்றன.

"அண்ணி, விளையாடாதீங்க. வெளிச்சம் போறதுக்குள்ள போட்டோ எடுக்கணும்."

"எடும்மா. கதவ மாட்டிட்டு எடு."

"கதவு இருந்தா அந்த லுக்கே போயிடும். சத்தம் கேக்கலதானே? நீங்களே பாத்தீங்களே."

"கேக்கல."

"அப்புறம் என்ன?"

அவள் பதில் தேடினாள். பூனை வரும், தூசி வரும், ஏசிக் காற்று போய்விடும். வீட்டில் பூனையும் இல்லை, ஏசியும் இல்லை. புகார் சொல்பவர்கள் எல்லாரும் காரணத்தோடுதான் கத்துகிறார்கள். காரணம் இல்லாத ஒருவர் கூப்பிட்டால் அவள் என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கதவு எனக்கு வேணும்."

"அதான் எதுக்குன்னு கேக்கறா" என்றான் கணவன். "வாய்விட்டுச் சொன்னாதானே தெரியும்?"

"சாத்திக்கிறதுக்கு."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவன் ரம்பத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையை அவளிடம் நீட்டினான். "சரி, அப்புறம் புதுசா ஒண்ணு பாக்கலாம். இப்ப எந்திரி. பாவம், காலைலேர்ந்து நிக்கறா."

பாவம்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"டீ ஆறுது, எடுத்துக்கோங்க" என்றாள். கால்களைத் தூக்கிக் கதவின் மேல் மடித்து, சம்மணம் போட்டுக்கொண்டாள். "நான் எந்திரிக்கப் போறதில்ல."