பதினோரு நிமிட விலகல்

எடுத்த விஷயத்தை விட்டு இம்மியும் விலகாமல் பேசத் தெரிந்தவன் இந்தத் தலைமுறையில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவாக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கல்லூரியில் எனக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். கிண்டலாக வைத்தார்கள். விருதாக வாங்கிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவனைப் பெற்ற அப்பா, மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் விற்ற கடைக்காரருடைய மச்சானின் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார். பேச்சில்தான் அப்படி. ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் வண்டியை ஓட்டுகிறவர் அவர். கிளினிக்குகளில் எடுத்த ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது வேலை. பத்தொன்பது வருடத்தில் சொன்ன பாதையை விட்டு ஒரு சந்துகூடத் திரும்பியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை திரும்பிவிட்டார். பதினோரு நிமிடம். வண்டியில் இருக்கும் கருவி உடனே போட்டுக்கொடுத்துவிட்டது. ஆபீஸிலிருந்து படிவம் வந்தது: ‘டீவியேஷன் – காரணம் எழுதவும்.’ காரணம் சரியில்லை என்றால் வண்டி வேறொருவருக்கு. அப்பா குடோனில் உட்கார வேண்டியதுதான். ஸ்டியரிங் இல்லாத அப்பாவை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை, இரண்டு நாளாக அரை வயிறுதான்.

“டீவியேஷன்னா என்னடா?”

“பாதையை விட்டு விலகுறது. டைக்ரெஷன்னு இன்னொண்ணு இருக்கு, அது பேச்சுல விஷயத்தை விட்டு விலகுறது. முதலாவதை நீங்க ஒரே தடவைதான் பண்ணியிருக்கீங்க. ரெண்டாவதை வாயைத் திறந்தாலே பண்றீங்க. சொல்லுங்க, ஏன் திரும்புனீங்க?”

“அன்னைக்குக் காலைல உங்கம்மா ஃபிளாஸ்க் மூடியைத் தொலைச்சுட்டா...”

“அப்பா, விஷயத்துக்கு வாங்க.”

“வர்றேன்டா. மூடி இல்லைன்னு மேல ஒரு தம்ளரைக் கவுத்து வச்சா. உங்க சித்தி குடுத்தது...”

“ஃபிளாஸ்க் வேண்டாம். சித்தி வேண்டவே வேண்டாம். எதுக்குத் திரும்புனீங்க?”

“ஐஸ் வாங்க” என்றார், முகம் வாடிப்போய்.

‘பெட்டியில் ஐஸ் உருகியதால் ஐஸ் வாங்கத் திரும்பினேன்’ என்று எழுதினேன். ஒரே வரி. அதன் அழகில் நானே சொக்கிப்போனேன். “ஆபீஸ்ல நீங்க வாயையே திறக்காதீங்க, நான் பேசிக்கிறேன்” என்று மறுநாள் கூடவே போனேன்.

மேலாளர் அம்மா வரியைப் படித்தார். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வண்டி நின்ற இடத்தில் சிவப்புப் புள்ளி.

“ஐஸ்கிரீம் கடை” என்றார். “வெயிலும் அன்னைக்கு நல்லாத்தான் அடிச்சுது.”

“மேடம், அது பெட்டிக்குத்தான்...”

“பெட்டி பின்னாடி பூட்டியிருக்கு. இவர் முன்னாடி ஓட்டிட்டு இருக்கார். உருகினது எப்படித் தெரிஞ்சுது?”

எனக்குத் தெரியவில்லை. அந்த இடம் வரைக்கும் நான்தான் அவரை வரவே விடவில்லையே. திரும்பிப் பார்த்தேன். சொல் தட்டாத மனிதர், உதட்டை இறுக்கமாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்களே சொல்லுங்கப்பா.”

“மூடியிலேர்ந்தா, விஷயத்திலேர்ந்தா?”

“மூடியிலேர்ந்து.”

அப்பா ஆரம்பித்தார். மூடி தொலைந்தது; தம்ளர் வந்தது; வண்டி குலுங்கக் குலுங்க தம்ளர் காதைத் துளைத்தது. கைக்குட்டையைச் சுற்றி வைக்கலாம் என்று ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் பின்னாலிருந்து சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் ஐஸ் பை கிழிந்து பெட்டியில் பாதி தண்ணீர். பக்கத்துச் சந்தில் ஃப்ரீசர் இருந்தது அந்த ஐஸ்கிரீம் கடையில் மட்டும்தான்.

மேலாளர் அம்மா வேறு ஏதோ பக்கத்தைப் புரட்டினார். “ஒரு குப்பிகூடக் கெடலைன்னுதான் லேப்ல எழுதியிருக்காங்க” என்று மெல்லச் சொன்னார். அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதோடு விட்டிருந்தால் நான் ஸ்கேல்.

“அது சரி, ஒரு தம்ளர் அவ்வளவு சத்தமா போடும்?”

“போடும் மேடம்” என்றேன். “அது சாதாரணத் தம்ளர் இல்ல. அதுக்கு அடியில ஒரு நெளிசல். எப்படி வந்துச்சுன்னா, எங்க சித்தி வீடு மாத்தும்போது...”

அவர் படிவத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று முத்திரை குத்தினார். அப்பா என் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தார். இரண்டையும் கவனித்தேன். ஆனால் சித்தி அந்த வீட்டை ஏன் காலி செய்தார் என்பதைச் சொல்லாமல் மேலாளர் அம்மாவுக்கு நெளிசல் எப்படிப் புரியும்?