நடுவயலில் ஒரு கட்டு

அறுப்பு முடிந்து நெதர்கோட் ஊரின் கடைசி வண்டியும் களத்துக்குப் போன பிறகும், பண்ணையார் கிரிம்வுட் வயல் நடுவே ஒரேயொரு கோதுமைக் கதிர்க்கட்டை நிறுத்தி வைத்திருந்தார். கட்டு நிற்கும்வரை, சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்க ஊர்ப் பெண்கள் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, அது வழக்கம். கடைசி வண்டியோடு கட்டை எடுத்துவிடுவதும் வழக்கம்தான். அந்தப் பாதி மட்டும் அவருக்கு வசதியாக மறந்துபோயிற்று.

இன்றோடு நான்கு நாள். கெசையாவுக்கு வயிறு எரிந்தது. ஐந்து பிள்ளைகளுக்குப் பனிக்காலம் முழுக்க ரொட்டி இந்தச் சிந்தின கதிரில்தான். மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தது. ஒரு மழை விழுந்தால் மணியெல்லாம் முளைவிட்டுப் பாழாகும். கிரிம்வுட் பண்ணையில் வேலை செய்யும் அவள் கணவன் ஆமோஸ் கூலியாட்கள் சங்கத்தில் சேர்ந்தான் என்பதற்காக ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் தண்டனை. பாதிரியாரிடம் போய் முறையிட்டாயிற்று. பொறுமையாக இருக்கச் சொன்னார். அவருக்கென்ன, ரொட்டி தட்டில் வந்துவிடும்.

வயல் படலருகே இருபது பெண்கள் நின்றார்கள்.

"அந்தக் கட்டைத் தூக்கி எறிஞ்சா என்னக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு ஹெப்சி.

"தொட்டா திருட்டும்பான், ஜெயிலுக்கு அனுப்புவான். அதுக்குத்தானடி காத்துக்கிட்டிருக்கான். சிந்தினதைப் பொறுக்கினா திருட்டுன்னு சொல்ல முடியாது."

கெசையா ஏப்ரனை இடுப்பில் செருகிக்கொண்டு படலைத் திறந்தாள்.

"அக்கா, கட்டு நிக்குது!"

"நிக்கட்டும். அதுக்கென்ன கால் வலிக்கவா போகுது?"

அவள் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். அடுத்து ஹெப்சி வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். கட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

கிரிம்வுட் குதிரையில் பாய்ந்து வந்தார். "கட்டு நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"நல்லாத் தெரியுதுங்க. வச்ச இடத்துலயே இருக்கு. ஒரு கதிர் குறைஞ்சிருந்தா சொல்லுங்க."

"நாளையிலேருந்து ஆமோஸுக்கு என் பண்ணையில வேலை கிடையாது!"

பெண்களின் கைகள் நின்றன. கெசையா மட்டும் நிமிரவில்லை.

"அப்ப நான் இன்னும் நிறையப் பொறுக்கணும். கொஞ்சம் தள்ளுங்கய்யா, உங்க குதிரை எங்க கதிரை மிதிக்குது."