பதினொன்று ஐந்துக்கு அனுப்பும் பள்ளி

அலுவலகத்தில் அவளுக்குக் ‘குடைச்சல்’ என்று பெயர். மேலாளர் வைத்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது என்பது உண்மைதானே.

அறுபத்திரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு அவர்கள் நிறுவனம் பிராட்பேண்ட் இணைப்பு கொடுத்திருந்தது. எந்தப் பள்ளி எவ்வளவு பயன்படுத்துகிறது என்று கணினித் திரையில் கோடு கோடாக வரும். அதைப் பார்ப்பதுதான் அவள் வேலை. சும்மா கிடக்கும் இணைப்புகளைப் பொறுக்கிப் பட்டியல் போட்டால், அவற்றைத் துண்டித்து, காத்திருக்கும் வேறு பள்ளிகளுக்குக் கொடுப்பார்கள்.

நாற்பத்தோராவது பள்ளியில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். மற்ற பள்ளிகளெல்லாம் படம், பாட்டு, பாடம் என்று இணையத்திலிருந்து எதையாவது இறக்கிக்கொண்டே இருந்தன. இந்தப் பள்ளி எதையும் வாங்கவில்லை. கோடு நாள் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடந்தது. ஆனால் தினமும் காலை பதினொன்று ஐந்துக்கு எதையோ வெளியே அனுப்பியது. இருபதே நிமிடம். பிறகு கப்சிப்.

“வைரஸா இருக்கும். லைனை கட் பண்ணிடு” என்றார் மேலாளர்.

“வைரஸ் சனி ஞாயிறு லீவு எடுக்குமா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். காரணத்தோட வா. இல்லேன்னா லிஸ்ட்ல சேர்த்துடு.”

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவனிடம் கேட்டாள். “ஒரு சின்ன ஸ்கூல் தினமும் இருபது நிமிஷம் வெளிய என்னத்தை அனுப்பும்?”

“பசங்க மேல இருக்கிற புகாரா இருக்கும்” என்றான் அவன். “என் டீச்சர் கையில இந்த லைன் இருந்திருந்தா இருபது நிமிஷம் பத்தியிருக்காது.”

புதன்கிழமை காலை அவள் பள்ளிக்கே போய்விட்டாள். இரண்டு அறை, ஒரு நடை, வரிசையாகச் சின்னச் செருப்புகள். தலைமை ஆசிரியை கையில் சாவிக்கொத்தோடு வரவேற்றார். ரூட்டர் எங்கே என்று கேட்டதும் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். பின்பக்கத்தில் துளை போட்டு ஒயரை உள்ளே விட்டிருந்தார்கள். ரூட்டர் உள்ளே கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆறு டேப்லெட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

“யார் கையும் படக்கூடாதுன்னு பத்திரமா வெச்சிருக்கேன்” என்றார் பெருமையாக.

“தினமும் இங்கேருந்து ஏதோ வெளிய போகுதே மேடம், அது என்ன?”

“இங்கேருந்தா? என்ன போகப்போகுது?” என்றார் அவர். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் பக்கத்து வகுப்பறைக்குப் போய்வந்தது.

குடைச்சலுக்கு அது போதும். பதினொன்று ஐந்துக்கு அவள் இரண்டாம் வகுப்பு வாசலில் நின்றாள். டீச்சர் மேசைமேல் ஒரு ஸ்டூல் வைத்து, அதன்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். பிள்ளைகளைப் படம் பிடிக்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். ஆனால் கேமரா பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தது. திரையில் ஒரே ஒரு கறுப்புக் கட்டம். அதில் ‘கேண்டீன்’ என்று எழுதியிருந்தது.

“எல்லாரும் வந்தாச்சா?” என்று டீச்சர் மடிக்கணினியைப் பார்த்துக் கேட்டார். கறுப்புக் கட்டத்தில் ஒரு கட்டைவிரல் படம் எழும்பியது. பாடம் ஆரம்பித்தது.

இருபது நிமிடம் அவள் எப்படிப் பொறுத்துக்கொண்டாளோ, அவளுக்கே தெரியாது. முடிந்ததும் டீச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

“பாதிப் பிள்ளைங்களோட அம்மாக்கள் சட்டை தைக்கிற ஃபேக்டரியில வேலை பாக்கறாங்க மேடம். பெற்றோர் கூட்டத்துக்கு லீவு கிடைக்காது. அதான் அவங்க டீ நேரத்துல ஒருநாள் கூட்டத்தை இதுல வெச்சேன். மறுநாளும் போடச் சொன்னாங்க. பிள்ளைங்களைப் பாக்க ஆசைபோலன்னு கேமராவை இவங்க பக்கம் வெச்சேன். மூணாம் நாள் போன் வருது. ‘அதுங்க மூஞ்சியை சாயங்காலம் வீட்டுல பாத்துக்கறோம், நீங்க பலகைப் பக்கம் திருப்புங்க டீச்சர்’னு.”

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?”

“பதினோரு பேருக்குத் தெரியாது. வெளிய சொல்ல வெக்கம். அதான் அவங்க பக்கம் கேமராவும் போட மாட்டாங்க, மைக்கும் போட மாட்டாங்க.”

தலைமை ஆசிரியை சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தபடி பின்னால் வந்து நின்றார். “மேலிடத்துல அனுமதி கேக்கலைம்மா” என்றார் மெதுவாக. “கேட்டா வேணாம்னுடுவாங்களோன்னு பயம்.”

காரணம் கிடைத்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அலுவலகம் திரும்பியிருப்பார்கள். இவளுக்கு மறுமுனையைப் பார்க்காமல் எப்படித் தூக்கம் வரும்? டீச்சரிடம் சொல்லி, அந்தப் பெண்களிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை தொழிற்சாலை கேண்டீனில் போய் உட்கார்ந்தாள்.

தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த ஒரு போன். அதைச் சுற்றி பதினோரு தலைகள். நோட்டு இல்லை, பேனா இல்லை. மேசையில் தண்ணீரைச் சிந்தி, அதில் விரலைத் தொட்டு எழுதினார்கள். பித்தான் தைக்கும் பெண்ணை எல்லாரும் ‘பட்டன் அக்கா’ என்றார்கள். அவள் போனை மூக்கருகே இழுத்தாள்.

“இது மூணு சுழியா, ரெண்டு சுழியா? ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே. போன வாரம் இப்படித்தான் மணலுக்கு ரெண்டு சுழி போட்டு, எம்பொண்ணு வீடு பூரா சிரிச்சா.”

குடைச்சல் எட்டிப் பார்த்தாள். பலகை மேகம் படிந்ததுபோல் இருந்தது. ண-வும் ன-வும் ஒரே கறை. லைனில் வேகத்துக்குக் குறைவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்புறம் ஏன்? ஒரு கணம் யோசித்தாள். நெற்றியில் தட்டிக்கொண்டாள். இரும்பு அலமாரி!

நேராகப் பள்ளிக்குப் போனாள். “மேடம், இரும்புக்குள்ள வெச்சுப் பூட்டினா வைஃபை எப்படி மூச்சு விடும்? வெளிய எடுங்க.”

“தொலைஞ்சா யார் பதில் சொல்றது?”

“நான் சொல்றேன். எழுதியே தர்றேன்.”

அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டதை இரண்டு முறை படித்த பிறகுதான் தலைமை ஆசிரியை சாவியைத் தேடினார். ரூட்டர் வகுப்பறைச் சுவரில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் ஏறியது. அலமாரி திறந்தது திறந்ததுதான் என்று ஒரு டேப்லெட்டின் உறையையும் குடைச்சலே பிரித்துவிட்டாள். தலைமை ஆசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

வெள்ளிக்கிழமை அறிக்கையை மேலாளர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். “லைன் ஸ்கூல் பிள்ளைங்களுக்குத்தானே? இவங்க யாரு?”

“ரெண்டாம் வகுப்பு சார். பதிவேட்டுல பேர் இல்ல, அவ்வளவுதான்.”

“ரூல்ஸ்ல இதுக்கு இடம் இல்லையே.”

“கூடாதுன்னும் இல்ல சார். மூணு தடவை படிச்சுப் பாத்துட்டேன்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நாற்பத்தோராவது பள்ளியைத் துண்டிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று அறிக்கையின் ஓரத்தில் எழுதினார். “தலைமை ஆசிரியையை முறையா ஒரு கடிதம் எழுதச் சொல்லு. நான் அனுமதி வாங்கித் தர்றேன்” என்றவர், கொஞ்சம் கழித்து, “அந்த பட்டன் அக்கா இப்ப மணலைச் சரியா எழுதறாங்களா?” என்று கேட்டார். அவருக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் டீச்சர் போனில் மூச்சிரைக்கப் பேசினார். “மேடம், இன்னிக்கு மைக் போட்டுட்டாங்க!”

“யாரு?”

“பட்டன் அக்காதான். பலகை பளிச்சுன்னு தெரியவும் தைரியம் வந்துடுச்சு போல. ‘டீச்சர், ங, ஙா, ஙி, ஙீன்னு வரிசையா எழுதிப் பழகச் சொல்றீங்களே, இந்த ஙௌ எந்த வார்த்தையில வருது?’ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. தலைமை ஆசிரியைக்கும் தெரியல. பிள்ளைங்க டேப்லெட்டை எடுத்துத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பக்கம் டீ நேரம் முடிஞ்சும் யாரும் எழுந்திரிக்கல.”

“கிடைச்சுதா?”

“இன்னும் இல்ல. உங்களுக்குத் தெரியுமா?”

குடைச்சல் வாய்க்குள்ளேயே ஙௌ, ஙௌ என்று சொல்லிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர் பூனையைத் தேடுபவர்போல் திரும்பிப் பார்த்தார்.

“தெரியலையே டீச்சர்” என்றாள். “லைன்ல இருங்க, நானும் பாக்கறேன்.”