இரண்டாம் மாடியில் நின்ற பத்திரிகை

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தை இடித்தபோது, இரண்டாம் மாடியிலிருந்த மாணவர் பத்திரிகையின் அறை மட்டும் விழவில்லை. எதையும் சட்டென்று மாற்றக் கூடாது என்பது அந்தப் பத்திரிகையின் கொள்கை. கட்டடத்தை இடிக்கவும் அது சம்மதித்திருக்கவில்லை. ஒப்பந்ததாரர் அந்த ஓர் அறையைக் கழித்துக்கொண்டு பில் போட்டார். மாடிப்படி கண்ணுக்குத் தெரியாமல் போனாலும், கொள்கைக்காரர்கள் பழக்கப்படி அதில் ஏறிப் போனார்கள்.

ஏற முடியாமல் போனது எதிரணி மாணவர் சங்கத்துக்குப் போஸ்டர் எழுதுகிறவனுக்குத்தான். முன்பெல்லாம் இதழ் வெளிவரும் வெள்ளிக்கிழமைகளில் மேலே வந்து, பத்திரிகையின் ஆசிரியரான வேதியியல் மாணவியோடு சண்டை போடுவான். சண்டை முடிந்தும் கிளம்ப மாட்டான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது கீழே நின்று அண்ணாந்து கத்தினான்.

"ஏய் பழைய பஞ்சாங்கம், தலையங்கம் நீ எழுதினதா, உங்க தாத்தா எழுதினதா?"

"மேல வந்து கேளு."

"படி எங்க இருக்கு?"

"இருந்த இடத்துலதான் இருக்கு. உனக்குத்தான் நம்பிக்கை இல்ல."

"லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்கே மூடணும்னு எழுதியிருக்கியே, லேப்ல சோதனைய பாதியில விட்டுட்டு ஓடுறது யாரு? நீதானே?"

அவள் ஜன்னலைச் சாத்தினாள். அவன் சொன்னது உண்மை. கொள்கையில் கை வைத்தால் அறை விழுந்துவிடும் என்று உடன் வேலை செய்தவர்கள் பயந்தார்கள். அவளுக்கும் பயம்தான். இருந்தும், விடுதியை எட்டு மணி வரை திறந்து வைக்கலாம் என்று எழுதினாள். இதழ் வெளியான காலையில் எல்லோரும் மேசைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அறை முனகியது. ஒரு படி உயரம் இறங்கி, நின்றுகொண்டது.

அவள் அங்கேயே விரிவுரையாளராகி, பத்திரிகைக்கு ஆலோசகரானாள். அவன் வக்கீலானான், வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து கழுத்து வலிக்க வாதாடினான். எப்போதாவது ஜெயித்தான். அப்போதெல்லாம் அறை ஒரு படி இறங்கியது, அதுவும் அவசரப்படாமல். இருவருக்கும் தலை நரைத்த ஆண்டில் அது தரையைத் தொட்டது. அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். உட்காரவில்லை, சுற்றிலும் பார்த்தான்.

"எல்லாத்தையும் இப்படியா விட்டுக்குடுப்ப? அண்ணாந்து பார்த்துச் சண்டை போட்டதுதான் நல்லா இருந்துச்சு."

"அதையே எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை போடுறேன்."

எழுதிக் கொடுத்தான். இதழ் வெளியானதும், இருவரையும் உள்ளே வைத்துக்கொண்டு அறை ஒரு படி மேலே போனது. பராமரிப்புத் துறையிலிருந்து ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து வாசலில் படியாகப் போட்டுவிட்டுப் போனார்கள்.